விளக்குக்குள் இருந்த மண்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அப்பா பழைய லாரி ஒன்றை வாரண்டியோடு வாங்கினார்.
2. ஸ்டார்ட்டர் போனது. மாற்றிக் கொடுத்தார்கள்.
3. முன் விளக்குகள் அணைந்தன. மாற்றிக் கொடுத்தார்கள்.
4. பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் போனது. அதையும் மாற்றிக் கொடுத்தார்கள்.
5. பின் சக்கரத்து பேரிங் உடைந்து, லாரி சுமையோடு நடுரோட்டில் நின்றது. அதையும் மாற்றிக் கொடுத்தார்கள்.
6. அத்தை வீட்டைவிட்டுப் போனார்.
7. லாரி நன்றாக ஓடியது.

ஆறாவதையும் ஏழாவதையும் எங்கள் வீட்டில் ஒரே மூச்சில் சொல்வார்கள், நடுவில் 'அதனால்' என்று எழுதியிருப்பதுபோல. செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில், பழுதாகித் திரும்பி வரும் பாகங்களைத் திறந்து காரணம் தேடுவது இப்போது என் வேலை. சேர்ந்த புதிதில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: ஒன்றுக்குப் பின் இன்னொன்று நடந்துவிட்டால் உடனே முன்னதைக் காரணம் என்று எழுதாதே, திறந்து பார். எங்கள் வீட்டில் யாரும் எதையும் திறந்து பார்க்கவில்லை. அதற்கு விலையாக, என்னோடு ஒரே பாயில் படுத்துக்கொண்டிருந்த அத்தைக்கு அந்த வீட்டில் இடம் இல்லாமல் போனது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருவது துக்கம் அல்ல, கோபம்.

அத்தை அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு ஒரே ஒரு பையோடு, செலண்டாருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தவர். பகலில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு அடியில் உதிர்ந்த பழம் பொறுக்குவார். சாயங்காலம் எனக்குத் தலைவாரி விட்டபடியே பள்ளிக்கதை கேட்பார். பிறகு எங்கள் தலைமையாசிரியர் நடப்பதுபோல் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டுவார். அவருக்கு வாய் அடங்காது என்பது அம்மாவின் குறை. எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

அப்பா அதுவரை அடுத்தவர் லாரியை ஓட்டியவர். சிறு தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலைகளை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். கதவில் தன் பெயர் எழுதிய லாரியை ஓட்ட வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. பழைய லாரி விற்கும் கடைக்காரர் எங்கள் கோயில் தலைவரும்கூட. அப்பா அவரை அண்ணே என்பார், அவர் அப்பாவைத் தம்பி என்பார். அப்பாவைத் தம்பி என்று கூப்பிட அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் லாரியை விற்றார். இன்னொருவர் அதைக் கழுவினார்.

லாரிக்குப் பூசை போடும் நாள் காலையில், பூசாரி வருவதற்குள் அத்தை குழாயைப் பிடித்து லாரியைக் கழுவினார். நான் உதவி என்ற பெயரில் நனைந்துகொண்டிருந்தேன். இருக்கைக்குக் கீழே கிடந்த ரப்பர் விரிப்பை இழுத்ததும் அடியிலிருந்து காய்ந்த மண் ஏடு ஏடாக உரிந்து வந்தது. கதவிடுக்கிலும் மண். முன் விளக்கின் கண்ணாடிக்கு உள்ளேகூட, தேத்தண்ணிக் குவளையின் அடியில் தங்கிய மண்டிபோல ஒரு பழுப்புக் கோடு.

“கடல் மண்ணா அத்த?”

“கடல் மண்ணு நறநறன்னு இருக்கும்டி. இது கோதும மாவாட்டம்ல இருக்கு!” என்று சொல்லி என் மூக்கில் கொஞ்சம் பூசிவிட்டார்.

அந்த மண்ணை ஒரு பால் டின்னில் சேர்த்தேன். தண்ணீர் விட்டுக் குழைத்து, சோடா மூடியில் அமுக்கி, இட்லி செய்து வாசற்படியில் வரிசையாக வைத்தேன். எங்கள் தோட்டத்து மண் சிவப்பு, சரளை கலந்தது. அதில் இட்லி பிடித்தால் உடைந்துவிடும். இதில் அச்சுப்போல வந்தது. இரண்டு மண்ணுக்கும் இருந்த வேறுபாடு ஏழு வயதில் எனக்கு இட்லி செய்ய மட்டுமே உதவியது.

கடைக்காரர் லாரிக்கு மாலையோடு வந்தார். வேலையை முடித்துவிட்டு ஈரத்துணியோடு நின்ற அத்தை அவரைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க தலைவரே. ஒண்ணு கேக்கணும். லைட்டுக்குள்ள மண்ணு எப்படிப் போச்சு? இந்த லாரி எங்கயாச்சும் முங்கிக் குளிச்சிட்டு வந்துச்சா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “எஸ்டேட்டுல ஓடுன லாரிம்மா. மண்ணு இல்லாம மல்லிப்பூவா இருக்கும்?”

இதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அவர் படியருகே வந்தார். சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன் என் இட்லிகள்மேல் காலை வைத்தார். ஒன்றை மட்டுமல்ல, வரிசை முழுவதையும் மிதித்து, குதிகாலைத் திருகித் தேய்த்தார். நான் அலறினேன். “அடடா, அங்கிள் பாக்கலையே பாப்பா,” என்று சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். நான் அழுகையை நிறுத்திக்கொண்டேன். அத்தை சிரிக்கவில்லை. அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசாரி கற்பூரம் ஏற்றியதும், யாரும் சொல்லாமலே அத்தை வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார். புருஷன் இல்லாதவர் நல்ல காரியத்தின் முன்னால் நிற்கக்கூடாதாம். கழுவலாம், நிற்கத்தான் கூடாது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள் நசுங்க, லாரி புறப்பட்டது.

அதற்குப் பிறகு மேலே எழுதிய வரிசைதான். வெட்டிய குலை காத்திருக்காது. நாள் கடந்தால் ஆலையில் முகம் சுளிப்பார்கள், அடுத்த முறை தோட்டக்காரர் வேறு லாரியைக் கூப்பிட்டுவிடுவார். ஒவ்வொரு பழுதுக்கும் அப்பாவின் ஹேன்ட்போன் ஓயாமல் அடிக்கும். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கடைக்காரரோ ஒவ்வொரு முறையும் இழுவை வண்டி அனுப்பினார்.

“வாரண்டியில இன்ஜினும் கியர்பாக்ஸும் மட்டுந்தான் தம்பி. இதெல்லாம் சேராது. ஆனா நீ நம்ம ஆளு. செஞ்சு தர்றேன். வேற வொர்க்‌ஷாப்புல மட்டும் கை வைக்க விட்றாத. வாரண்டி செத்துப்போயிடும் லா.”

அப்பா நன்றி சொன்னார். நான்கு முறையும் சொன்னார். முன் விளக்கில் பல்பை மட்டும் மாற்றியிருக்கலாம். அவர்கள் விளக்கை முழுதாகக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். மண் கோடும் விளக்கோடு போனது. “என்ன மனசு பாத்தியா,” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

அத்தைதான் விடவில்லை. “தம்பி, அந்த மண்ணப் பத்தி நல்லாக் கேட்டியா? ஒரு தடவ வேற எவன்கிட்டயாச்சும் காட்டேன்.”

“வாரண்டி போயிடும்கா.”

“வாரண்டி இருந்து மட்டும் என்ன, ஓடுதா?”

பேரிங் உடைந்தபோது பள்ளி விடுமுறை. அப்பா என்னையும் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் எனக்கு ஒரு பாக்கெட் சோயா தண்ணீர் கொடுத்து, சுழலும் நாற்காலியில் உட்கார வைத்தார். நான் சுற்றிக்கொண்டே கேட்டேன்.

“தம்பி, கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காத. இதே மாதிரி எத்தன லாரி குடுத்திருக்கேன், ஒண்ணு திரும்பி வந்ததில்ல. பூச அன்னிக்கு லாரி முன்னுக்கு மொதல்ல யாரு நின்னது?”

அப்பா குனிந்து கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

“ஒங்க அக்காதானே? நானும் பாத்தேன். நான் இதெல்லாம் நம்புறவன் இல்ல. ஆனா மெஷினுக்கும் ஒரு ராசி இருக்குல்ல? வீட்டுல ஒரு ஆளு வாயத் தொறந்தா வெளங்காதுன்னா, நாம பார்ட்ஸ மாத்தி என்னா செய்ய?”

அப்பா தலையை ஆட்டினார். லாரி ஓட்டியே வளர்ந்த மனிதர். இருக்கைக்கடியில் இருந்த மண்ணை அவரும் பார்த்திருப்பார். பார்த்ததைச் சேர்த்து யோசித்தால் தன் பெயர் எழுதிய லாரி பொய்யாகிவிடும். அக்காவைக் குறை சொன்னால் லாரி மிஞ்சும். அவர் லாரியைத் தேர்ந்தெடுத்தார்.

வீட்டில் இதை யாரும் அத்தையிடம் சொல்லவில்லை. நேரே சொல்லியிருந்தால் அவர் திருப்பிச் சண்டை போட்டிருப்பார். அதற்குப் பதிலாக, அப்பா காலையில் லாரியை எடுக்கும் நேரம் வந்தால் அம்மா, “அண்ணி, கொஞ்சம் அடுப்பப் பாத்துக்குங்க,” என்று சொல்லிச் சமையலறைக் கதவைச் சாத்துவார். அடுப்பில் ஒன்றும் இருக்காது. லாரி வளைவு திரும்பும் சத்தம் கேட்டதும் கதவு திறக்கும். சில நாள் நானும் அத்தையோடு உள்ளே இருந்தேன். கண்ணாமூச்சி என்று நினைத்து, “வந்துட்டாங்களா?” என்று குசுகுசுப்பேன். “இன்னும் இல்லடி,” என்பார் அத்தையும் அதே குரலில்.

பிறகு ஒருநாள் சோறு போடும்போது அம்மா சொன்னார்: “அண்ணி, கோலா சுங்கை பாருல ஒங்க சின்னம்மா தனியா இருக்காங்களாம். கொஞ்ச நாளு போய் இருந்துட்டு வாங்களேன்.”

அத்தை அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். “நீ சொல்லு தம்பி.”

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு, “லாரி ஒரு நெலைக்கு வரட்டும்கா,” என்றார்.

அத்தை அதே பையோடு பஸ் ஏறினார். லாரி வாசலில் சும்மாதான் நின்றது. அதில் ஏற்றிக்கொண்டுபோய் விட யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் பயம். நான் அவரிடம் மிட்டாய் வாங்கி வரச் சொன்னேன். அம்மா அன்றே என் பால் டின்னை மண்ணோடு குப்பையில் போட்டார்.

லாரி ஓடியது, உண்மை. தண்ணீரில் ஊறிய பாகங்களில் எளிதில் கெடுபவை எல்லாம் ஒவ்வொன்றாகக் கெட்டு, ஒவ்வொன்றாக மாற்றப்பட்டிருந்தன. ஓடாமல் என்ன செய்யும்? ஆனால் எங்கள் வீட்டில் காரணம் என்று காட்ட அத்தை இல்லாத பாய் போதுமானதாக இருந்தது. பிறகு வாரண்டி முடிந்தது. அதற்குப் பின்னால் கியர்பாக்ஸ் போனது, வாரண்டியில் பெயர் போட்டிருந்த அதே கியர்பாக்ஸ். “முடிஞ்சிருச்சே தம்பி, என்னா செய்ய,” என்றார் கடைக்கார அண்ணன். அப்போது அத்தை எங்கள் வீட்டில் இல்லை, லாரியைத் தொடவில்லை, வாயையும் திறக்கவில்லை. அப்படியும் லாரி கெட்டதே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

போன வருடம் வேலையில் ஓர் ஆல்டர்னேட்டரைத் திறந்தேன். உள்ளே செம்புச் சுருள்களுக்கு இடையில் மாவுபோல் பழுப்பு மண். விரலில் தேய்த்துப் பார்த்தேன். பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்து, “வெள்ளத்துல நின்ன வண்டி லா, மண்ணப் பாத்தாலே தெரியும்,” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போய் நின்றேன்.

அன்று மாலையே அப்பாவிடம் சொன்னேன். ஸ்டார்ட்டர், விளக்கு, ஆல்டர்னேட்டர், பேரிங், கியர்பாக்ஸ் என்று வரிசையாக, எது எப்படித் தண்ணீரால் போகும் என்று சொன்னேன். அப்பா முழுதும் கேட்டார்.

“பழைய கத, விடும்மா. அவரு நாலு தடவ சும்மா செஞ்சு குடுத்தாரு. வேற எவன் செய்வான்?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோலா சுங்கை பாரு போனேன். அத்தை காலையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கிறார். மேசையைத் துடைத்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பலமாகச் சிரித்தார்.

“இதக் கண்டுபிடிக்கவா ஒன்ன அவ்வளவு படிக்க வச்சாங்க? அந்த ஆளு ஒன் இட்லிய மிதிச்சானே, அப்பவே தெரியும்டி எனக்கு. கண்ணு தெரியாதவனா, அத்தனையும் மிதிக்க?”

“ஏன் அத்த அப்பவே சொல்லல?”

“சொன்னேனே. அதுக்குத்தானே இங்க இருக்கேன்.”

எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. கடைக்காரர் சகுனம் பார்த்து அத்தையைச் சொல்லவில்லை. கேள்வி கேட்ட ஒரே ஆளை, எங்கள் கையாலேயே வீட்டைவிட்டு அனுப்ப வைத்தார். வேறு வொர்க்‌ஷாப் கை வைக்கக்கூடாது என்றது எதற்கோ, இதுவும் அதற்குத்தான். ஏழு வயதில் நான் அழுதது இட்லிக்காக. ஒரு மிட்டாயில் அதையும் நிறுத்திக்கொண்டேன்.

லாரியைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. அப்பா மறுபடியும் அடுத்தவர் லாரி ஓட்டுகிறார். கடைக்காரரின் இடம் முன்னைவிடப் பெரிதாகியிருக்கிறது. திருவிழாவில் முதல் வரிசையில் மாலையோடு நிற்பவர், என்னைக் கண்டால், “நம்ம பாப்பாவா, நல்லா வளந்துட்டியே,” என்கிறார். அப்பா அவரை இன்னும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார். அத்தை கோலா சுங்கை பாருவில் வாடகை அறையில் இருக்கிறார். எங்கள் வீட்டுக்கு அவர் திரும்பி வரவில்லை. அப்பா கூப்பிடவும் இல்லை.