செராஸில் தொட்டுப் பார்த்த ஈரல்

வெள்ளிக்கிழமை காலை சென்னை விமானம் மலேசியாவின் சிப்பாங்கில் இறங்கியது. விமான நிலையம் திறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு சிறு ரயிலில் ஏற்றிப் பெட்டி எடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஓட்டுநரைக் காணோமே என்று நான் முன்கண்ணாடி வரை போய்த் தேட, பக்கத்தில் நின்ற சீனப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த ரயிலுக்கு ஓட்டுநரே கிடையாதாம்.

வெளியே தங்கை கணவர் மாணிக்கம் காத்திருந்தார். கிள்ளானில் லோரி ஓட்டுகிறவர். அங்கிருந்து கிள்ளான் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். டெங்கில் தாண்டும்வரை இரு பக்கமும் பாமாயில் எடுக்கும் செம்பனை. நான் மரங்களைப் பார்த்துக்கொண்டு வர, அவர் என்னை வரவழைத்த காரியத்தை ஆரம்பித்தார். என் தங்கை சரோஜாவுக்குப் பித்தப்பையில் கல். மூன்று முறை வலி வந்து சுருண்டு விழுந்துவிட்டாள். வயிற்றில் நாலு சிறு துளை போட்டு, உள்ளே கேமராவை விட்டு, பையையே எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புதன்கிழமைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. இவள் மாட்டேன் என்கிறாள். இன்னொரு தடவை வலி வந்தால் பை உள்ளேயே வெடித்தாலும் வெடிக்கலாமாம்.

"நீங்க சொன்னாத்தான் கேப்பா மச்சான். நான் பேசினா சாப்பாடே போட மாட்டேங்கிறா" என்றார்.

நான் சொன்னால்தான் அவள் கேட்பாள் என்பது அவருடைய நம்பிக்கை. சின்ன வயதில் சர்க்கஸ் பார்க்க வேண்டாம் என்று சொல்லியே நான் தோற்றவன்.

சரோஜா கிள்ளானில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறாள். தினம் விடியுமுன் கோழிகளைச் சுத்தம் செய்வது அவள் வேலை, அதில் யாரையும் நம்பமாட்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள். டாக்டர் குமரேசனுக்கு முப்பது வயதுதான் இருக்குமாம். வயிற்றைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துக்கொண்டே அறுப்பாராம். அப்புறம் என் சட்டையைச் சுட்டிக்காட்டினாள். அதற்குள்ளே, அடிவயிற்றில், ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு உண்டு. கல்லூரிக் காலத்தில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் குடல்வால் எடுத்தது. "உன்ன மீன கீறின மாதிரி கீறிட்டாங்கல்ல. அதப் பாத்து வளந்தவ நான்" என்றாள்.

மாலையில் நானே டாக்டரைப் போய்ப் பார்த்தேன். ஒல்லியான, அமைதியான பையன். என் தங்கையின் பயத்தை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். பிறகு, கோலாலம்பூர் செராஸில் ஒரு மருத்துவமனைக்கு வெளிநாட்டிலிருந்து அறுவை பழகும் கருவி ஒன்று சில மாதங்களுக்கு இரவலாக வந்திருப்பதாகவும், வாராவாரம் தாம் அங்கே போய்ப் பழகுவதாகவும் சொன்னார். "நாளைக்கு நான் அங்கதான் சார். ஆன்டியைக் கூட்டிட்டு வாங்க. அவங்களே பாக்கட்டும்."

சனிக்கிழமை கொமுட்டர் என்கிற புறநகர் ரயிலில் கிளம்பினோம். டிக்கெட் ஆளுக்கு மூன்று வெள்ளி சொச்சம்; ரிங்கிட்டை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பெட்டிக்குள் மார்கழிக் குளிர். கோலாலம்பூரில் இறங்கி டாக்சி பிடித்தோம். ஓட்டுநர் தமிழர், செராஸ்காரர். ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்கப் போகிறோம் என்று விசாரித்தார். "டாக்டருக்குப் பரீட்சை வைக்கப் போறேன் அண்ணே" என்றாள் சரோஜா. அவர் கண்ணாடியில் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு ரேடியோவைப் போட்டார்.

சின்ன அறை. ஒரு மூலையில் குளிர்பெட்டி அளவுக்குக் கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. நடுமேசையில் தோல் நிற ரப்பர் போர்த்திய ஒரு பெட்டி. அதிலிருந்து கத்தரிக்கோல் பிடிபோல இரண்டு பிடிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்றிருந்தது. குமரேசன் முதலில் என் தலையில் கண்ணையும் மறைக்கும் ஒரு கவசத்தை மாட்டினார்.

அறை போய்விட்டது. நான் ஒரு வயிற்றுக்குள் இருந்தேன். தலையைத் திருப்பினால் அந்தச் சிவப்புக் குகையும் திரும்பியது. சொல்லப்போனால் படம் அப்படியொன்றும் பிரமாதமில்லை. ஈரல் களிமண் பொம்மைபோல இருந்தது. பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தி, வருடா வருடம் தவளை அறுத்துக் காட்டியவன் நான். என் கண்ணை ஏமாற்றுவது கடினம். பிடியை மெல்ல முன்னே தள்ளினேன். ஈரலைத் தொட்ட இடத்தில் என் கை நின்றது.

மறுபடி தள்ளினேன். மெத்தென்று கொடுத்தது, பிறகு எதிர்த்தது. வழுக்கியது. கவசத்தைக் கழற்றிப் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். சில கம்பிகளும் மோட்டாரும்தான் இருந்தன. ஈரல் என்று ஒன்று உலகத்தில் எங்குமே இல்லை. ஆனாலும் அதன் ஈரத்தைக்கூட என் விரல் உணர்ந்ததாக இன்றைக்கும் சத்தியம் செய்வேன். கண் நம்பாததைக் கை நம்பிவிட்டது. வெட்கமில்லாமல் இன்னொரு தடவை கேட்டு வாங்கித் தொட்டேன்.

அடுத்து சரோஜா. பித்தப்பையை இடுக்கியில் பிடித்ததுமே அவள் முகம் மாறியது. "அண்ணே, கோழியோடது மாதிரியே இருக்கு. அதே வழவழப்பு" என்றாள். டாக்டர் எதையோ சொல்ல வாயெடுப்பதற்குள், தினம் விடியலில் செய்கிற அதே பழக்கத்தில், அடியைப் பிடித்துச் சட்டென்று இழுத்துவிட்டாள்.

எங்களுக்காக வைத்திருந்த திரை முழுவதும் சிவந்தது. கருவி கூவியது. சரோஜா கவசத்தைக் கழற்றிவிட்டு, முதல் வேலையாகத் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். அவை சுத்தமாகத்தான் இருந்தன. அவற்றைப் புடவையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஆள் செத்துட்டாங்களா தம்பி?"

"ரத்தக்குழாய் அறுந்துருச்சு ஆன்டி. நெஜமா இருந்தா உடனே வயித்தத் தெறந்து நிறுத்தணும். லேட்டானா செத்துடுவாங்க."

"ஒங்க கையில இப்படி ஆயிருக்கா?"

குமரேசன் கூவலை நிறுத்திக்கொண்டே சொன்னார். "நெஜ ஆளுக்கு ஆனதில்ல. இதுல நெறைய ஆயிருக்கு. மொத வாரத்துல முக்காவாசி பேரு என் கையிலதான் செத்தாங்க."

போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை பொய் சொல்லியிருக்கலாமே இந்தப் பையன் என்று ஆத்திரமாக வந்தது. புதன்கிழமை கைவிட்டுப் போனது; மாணிக்கத்துக்கு நான் என்ன சொல்வேன் என்று டாக்சி முழுக்க அதே கவலை.

பிரிக்பீல்ட்ஸில் சாப்பிட உட்கார்ந்தோம். இலைச் சாப்பாடு. பொரித்த கோழியைக் கொண்டுவந்தவரைக் கையசைத்து அனுப்பிவிட்டு, சரோஜா ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்தாள்.

"புதன்கிழமை வர்றேன்னு சொல்லிரு. அந்தத் தம்பியே பண்ணட்டும்."

எனக்குப் புரையேறிவிட்டது.

"எத்தன வருஷமா கோழி அறுக்குறேன். பை ஒடஞ்சு கசப்பாச்சுன்னா நல்லா அலசிக் கொழம்புல போட்டுருவேன், எவன்கிட்டயும் சொன்னதில்ல. அந்தப் புள்ள நான் கேட்டதும் சொல்லிருச்சு லா. சாக வேண்டியவங்க எல்லாம் அந்தப் பொட்டிக்குள்ளயே செத்துட்டாங்க. இனிமே எனக்கென்ன பயம்?"

புதன்கிழமை அறுவை நடந்தது. மாணிக்கமும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். குமரேசன் வந்து, நல்லபடியாக முடிந்தது, ரத்தமே அதிகம் போகவில்லை என்றார். மாணிக்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மறுநாளே சரோஜா எழுந்து நடந்தாள். வயிற்றில் நாலு சின்னப் பிளாஸ்திரி. கடையில் அன்று குழம்பு வைத்தது யார் என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே கவலை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி சிப்பாங். மறுபடி அந்த ஆளில்லாத ரயில்; இந்தத் தடவை நான் ஓட்டுநரைத் தேடவில்லை. ஓரமாக நின்று சட்டைக்கு மேலாக என் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தேன். அதைப் போட்டவர் அப்போது குமரேசனைவிடச் சின்னவர். பெரிய டாக்டர் பக்கத்தில் நிற்க, கண்ணைத் தவிர மற்றதையெல்லாம் துணி மூடியிருக்க, அவருடைய கண் என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தது இன்னும் ஞாபகமிருக்கிறது. தையல் பிரித்த அன்று வந்து, தாம் கத்தி பிடித்த முதல் ஆள் நான்தான் என்று கூச்சத்தோடு சொன்னார். இவ்வளவு காலம் அவர்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்த ரயிலில் நிற்கையில் அது போய்விட்டது. அவருக்குப் பழகிப் பார்க்க ஒரு பெட்டி தேவைப்பட்டிருக்கிறது. தஞ்சாவூரில் அந்தச் சமயத்தில் நான்தான் கிடைத்தேன்.