சின்னம்மாவுக்கு நான் சொன்ன சாட்சி

அந்தப் பொய்யை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தந்திருந்தால் இத்தனை வருஷத்தில் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஒன்பது வயதில், பட்டப்பகலில், மூன்று பெரிய மனிதர்களின் முகத்தைப் பார்த்து, முழுக்க முழுக்க என் சொந்தப் புத்தியில் சொன்ன பொய் அது.

அப்போது நாங்கள் உருத்திரபுரத்தில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி, வயல் செய்யக் குடியேறிய குடும்பம். வீட்டில் ஆறு பிள்ளைகள்; நான் நான்காவது. நான்காவது பிள்ளையாக இருப்பது என்னவென்று அப்படிப் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். அக்காமாரின் சட்டை கை மாறி என்னிடம் வரும்போது அதிலிருந்த பூவெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். முட்டை பொரித்தால் எனக்குக் கிடைப்பது கருகிய ஓரம்.

அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, பூநகரியில் வாழ்க்கைப்பட்டிருந்தார். நான்கு வருஷமாகியும் பிள்ளை இல்லை. பிள்ளையில்லாத வீட்டுக்கு உறவில் ஒரு பெண்பிள்ளையைத் துணைக்கு விடுவது எங்கள் ஆட்களிடம் இருந்த வழக்கம். அந்தப் பிள்ளை வந்த ராசியில் வீட்டுக்கு ஒரு குழந்தை வரும் என்றும் நம்பினார்கள். போனால் வீட்டில் குறைவு தெரியாத பிள்ளை நான்தான் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

பூநகரியில் ஒரு வருஷம் ராசாத்தி மாதிரி இருந்தேன். முட்டை முழுதாகக் கிடைத்தது. சித்தப்பா என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக் கடலோரம் கூட்டிப்போவார். நண்டு கொண்டு வந்தால் பெரிய காலை உடைத்து என் சோற்றுக் கோப்பையில்தான் வைப்பார். என்னிடம் ஒருநாளும் அவர் குரல் உயர்ந்ததில்லை. சின்னம்மாவிடம் குரலும் உயரும், கையும் உயரும்.

ஒரு மத்தியானம் சொதியில் உப்புக் கூடிவிட்டது. அவ்வளவுதான் காரணம். சித்தப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்து குசினிக்குள் போய், சின்னம்மாவின் இடக்கையைப் பிடித்து முறுக்கினார். பச்சைத் தடி முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. நான் வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். சித்தப்பா திரும்பி என்னைக் கண்டார். செம்பை வாங்கிக் கை கழுவிவிட்டு, ஒன்றும் நடக்காதவர் போல வெளியே போய்விட்டார். கத்தினாலும் கேட்க அக்கம்பக்கத்தில் ஒரு வீடு இல்லை, சுற்றிவர வயல்தான்.

அந்தக் கை பிறகு நேராகவே இல்லை. சின்னம்மா ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள், எப்போதாவது வரும் பஸ்ஸைப் பிடித்து, என்னையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். இனி அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னார்.

கோட்டுக்கு, அதாவது நீதிமன்றத்துக்குப் போய் விவாகரத்து எடுக்கலாம் என்று யாரோ சொல்ல, அப்பா துள்ளி விழுந்தார். கோடு ஏறிய குடும்பத்தில் எவன் பெண்ணெடுப்பான், என்னுடைய இரண்டு அக்காமாரும் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதானா என்று கேட்டார். ஆகவே பேசித் தீர்ப்பது என்று முடிவாயிற்று. நடுவர்களாக மூன்று பேர். ஒருவர் ஊர் நிர்வாகத்தைப் பார்க்கும் விதானையார், மற்றவர் எங்கள் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். மூன்றாமவர் சைக்கிளில் புடவைக் கட்டோடு ஊரூராகத் திரியும் முல்லைத்தீவு முஸ்லிம் வியாபாரி. முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல, எல்லாரும் அவரைக் காக்கா என்றே கூப்பிடுவோம். சுற்றி வளைத்துப் பார்த்தாலும் இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஒரே ஆள் அவர்தான்.

ஒரு சனிக்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். சித்தப்பா வேட்டி சால்வையோடு, நெற்றி நிறையத் திருநீற்றோடு, மாட்டு வண்டிலில் வந்து இறங்கினார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"பிள்ளை, எங்கடை ஆடு ரண்டு குட்டி போட்டிருக்கு. ஒண்டுக்கு நெத்தியிலை வெள்ளை. நீ வந்துதான் பேர் வைக்கோணுமெண்டு விட்டிருக்கிறன்," என்றார்.

அதை அவர் திட்டம் போட்டுச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு அதற்குப் பிறகு வேறு எதுவும் காதில் ஏறவில்லை.

உள்ளே கதை நீண்டுகொண்டே போனது. தான் அடித்ததேயில்லை, கிணற்றடியில் வழுக்கி விழுந்த கை அது என்றார் சித்தப்பா. சின்னம்மா இல்லையென்று தலையாட்டினார்.

"கையை முறிச்சது மெய்யெண்டால் நாங்களே பிரிச்சு எழுதிவிடுறம், சீதனக் காணியும் திரும்பி வரும்," என்றார் விதானையார். "இல்லையெண்டால் தங்கச்சி புருஷனோடை போறதுதான் முறை. ஆர் பாத்தது?"

சின்னம்மா என்னைக் காட்டினார். "இவள் பாத்துக்கொண்டு நிண்டவள். இவளைக் கேளுங்கோ."

எல்லாருக்கும் அது பிடித்துவிட்டது. சின்னப் பிள்ளைக்கு என்ன பக்கம் இருக்கிறது, கண்டதைத்தானே சொல்லும் என்றார் தலைமை ஆசிரியர். சித்தப்பாவும் சம்மதித்தார். நான் வாய் திறக்குமுன்பே, நான் சொல்வதுதான் முடிவு என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். எனக்கும் ஒரு பக்கம் உண்டு, அது நெற்றியில் வெள்ளையோடு பூநகரியில் நிற்கிறது என்பது, பாவம், அவர்களுக்குத் தெரியாது.

காக்கா என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "பயப்படாதீங்க மகள். சித்தப்பா சின்னம்மாட கையப் புடிச்சு முறிச்சத நீங்க கண்டீங்களா?"

கண்டேன் என்றால் சின்னம்மா எங்கள் வீட்டோடு தங்கிவிடுவார். பூநகரி இல்லை, சைக்கிள் இல்லை, குட்டி இல்லை. நான் மறுபடியும் நான்காவது பிள்ளை. காணவில்லை என்றால் சின்னம்மா போவார், துணைக்கு நானும் போவேன். இதை யோசிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"காணேல்லை," என்றேன். அது போதாதென்று பட்டது. "சின்னம்மா கிணத்தடியிலை வழுக்கி விழுந்தவா," என்றும் சேர்த்துக்கொண்டேன்.

இதை எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது. கேட்ட கேள்விக்கு மேலேயும் ஒரு சொல் சொன்னேனே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அம்மா "அடி பாவி!" என்று எழுந்துவிட்டார். தலைமை ஆசிரியர் மேசையில் கிடந்த பிரம்பை எடுத்தார். அந்தப் பிரம்பை எனக்கு முன்பே நன்றாகத் தெரியும்.

"உண்மையைச் சொல்லு. பொய்யெண்டு தெரிஞ்சால் தோலை உரிச்சுப்போடுவன்."

 ஆனாலும் நான் சொன்னதை மாற்றவில்லை. அப்போது சின்னம்மா, என்னையே பார்த்தபடி, மெதுவாகப் பேசினார்.

"பிள்ளையை வெருட்டாதேங்கோ. அவள் சொன்னது சரி. நான்தான் கோவத்திலை மாத்திச் சொல்லிப்போட்டன்."

அத்தோடு காரியம் முடிந்தது. இனி ஒற்றுமையாக இருப்போம் என்று தலைமை ஆசிரியர் எழுதிய கடதாசியில் இருவரும் கையெழுத்து வைத்தார்கள். சின்னம்மா எழுதும்போது கடதாசி நழுவியது. அதைப் பிடித்துக்கொள்ள அவருடைய இடக்கை ஒத்துழைக்கவில்லை. பக்கத்திலிருந்த சித்தப்பாதான் பிடித்துக்கொடுத்தார். பிறகு எல்லாருக்கும் தேத்தண்ணி வந்தது. கோடு ஏறாமல் தீர்ந்ததே என்று அப்பா பெருமூச்சு விட்டார்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய் என் சட்டைகளை ஒரு பைக்குள் அடைத்தேன். வண்டில் எங்கள் முற்றத்தில் வந்து நின்றது. சின்னம்மா தன் பெட்டியை எடுக்க உள்ளே வந்து, அம்மாவின் காதோடு சொன்னது எனக்கும் கேட்டது.

"அக்கா, இவளை இனி அங்கை விடாதேங்கோ."

ஏன் என்று அம்மா கேட்கவில்லை. என் பையைப் பறித்து மூலையில் போட்டார்.

சின்னம்மா அதற்குப் பிறகும் பதினொரு வருஷம் அந்த வீட்டில் உயிரோடு இருந்தார். நல்லநாள் பெருநாளுக்கு எங்களிடம் வருவார். ஒரு முறை கூட அந்தச் சனிக்கிழமையைப் பற்றி வாய் திறந்ததில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். கேளாமல் விழுகிற தைரியம் எனக்கு வரவேயில்லை.

அன்றைக்கோ எனக்கு வயிறெரிந்தது. நான் சொன்னது சரியென்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டவர், பின்னால் இப்படிப் பழி வாங்குகிறாரே என்று நினைத்தேன். வண்டிலில் ஏறுமுன் சின்னம்மா என் தலையைத் தடவ வந்தார், தட்டிவிட்டேன். வண்டில் வாய்க்கால் தெருவில் திரும்பும்வரை அவர் என்னைப் பார்த்துக்கொண்டே போனார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். பிறகு, சின்னம்மா என்னை ஏமாற்றிவிட்டார் என்று நாள் முழுக்க அழுதேன். வீட்டில் ஒருவர் கூட என்னைத் தேற்ற வரவில்லை. அது ஏன் என்று எனக்கு விளங்கவேயில்லை.