துரையின் துவக்குக்கு வார்ணிஷ்

கொழும்பில் மருந்து கலக்கும் படிப்பை முடித்துக்கொண்டு நான் வீட்டுக்குத் திரும்பியபோது என்னிடம் மூன்று சாமான்கள் இருந்தன: ஒரு சான்றிதழ், ஒரு கண்ணாடி அளவுக் குவளை, மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்கு வரச் சொன்ன உத்தரவு. சான்றிதழை ஐயா கண்ணாடிச் சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டினார். குவளையை அம்மா நல்லெண்ணெய் அளக்க எடுத்துக்கொண்டார். உத்தரவைப் பற்றி மட்டும் வீட்டில் யாரும் கதைக்கவில்லை.

ஐயா கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கர். சுன்னாகத்தில் காலை ரயில் ஏறி யாழ்ப்பாணப் பட்டினம் போவார். மாலை ரயிலில் திரும்புவார். தன் மேசைக்கு வந்த கடதாசியை அடுத்த மேசைக்கு அனுப்புவது அவருடைய உத்தியோகம்; அரசாங்கம் கொடுக்கும் முதலியார் பட்டத்தை வாங்குவது அவருடைய வாழ்க்கை. அந்தப் பட்டத்துக்கு அவர் பெயரைச் சிபாரிசு செய்யக்கூடியவர், கச்சேரியில் அவருக்கு மேலே இருந்த வெள்ளைக்காரத் துரை. ஆகவே துரைக்குத் தலையிடி என்றால் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிக்கக்கூடாது.

நான் வேலைக்குப் போவது பற்றிப் பல தடவை கேட்டுப் பார்த்தேன்.

“பாப்பம் பிள்ளை,” என்பார் ஐயா.

“எப்ப பாப்பியள்?”

“பாக்கேக்கை பாப்பம். குமர்ப்பிள்ளை தனிய மலைநாட்டுக்குப் போறது சின்ன அலுவலோ?”

கொழும்புக்கு அனுப்பியபோதும் நான் குமர்ப்பிள்ளையாகத்தான் இருந்தேன். ஆனால் படிக்கப் போவது பெருமை, சம்பளத்துக்குப் போவது வெட்கம் என்பது எங்கள் பகுதியின் கணக்கு. அந்தக் கணக்கை எந்த அளவுக் குவளையாலும் அளக்க முடியாது.

இந்த நிலையில்தான் துரையின் வேட்டைத் துவக்கு வந்தது. முழுத் துவக்கல்ல, தோளில் வைக்கும் மரக்கட்டை மட்டும். உப்புக் காற்றிலும் துரையின் வியர்வையிலும் அதன் மினுக்கம் போய், பாதி உரிந்த பாம்புபோல் ஆகியிருந்தது. துரை அதைக் கொழும்புக்கு அனுப்ப நினைத்திருக்கிறார். பக்கத்தில் நின்ற ஐயா, “என்ரை மகள் டெக்னிக்கலாப் படிச்சவள், சேர்,” என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு மாத்திரைகளின்மேல் மெல்லிய வார்ணிஷ் பூசக் கற்பித்திருந்தார்கள் என்பது உண்மை. மாத்திரைக்குப் பூசத் தெரிந்தவளுக்குத் துவக்குக்குப் பூசத் தெரியாதா என்பது ஐயாவின் வாதம்.

இரும்புப் பகுதியைத் துரை பங்களாவிலேயே வைத்துக்கொண்டார். கட்டையை ஐயா வெள்ளை வேட்டியில் சுற்றி, ஆனால் வடிவம் தெரியும்படி சுற்றி, ரயிலில் கொண்டுவந்தார். ரயில் நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்களாம். படலையில் வந்து எட்டிப் பார்த்தவர் சித்தப்பா. ஐயாவின் தம்பி, பக்கத்து வளவில் வெங்காயப் பயிர் செய்பவர்.

“அண்ணை, இரும்பு எங்கை?”

“அது பங்களாவிலை.”

“அப்ப உது துவக்கில்லை, உலக்கை.”

ஐயா படலையைச் சாத்தினார். என்னிடம் திரும்பி, “பிள்ளை, கண்ணாடி மாதிரி வரவேணும். துரை குனிஞ்சால் துரையின்ரை முகம் தெரியவேணும். உது துரைக்குப் பிடிச்சுதெண்டால் நீ வேலைக்குப் போகலாம்,” என்றார்.

அதைச் சாமி அறை வாசலில் நின்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னார். அம்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

எதையும் தொடங்குமுன் தடைகளை வரிசைப்படுத்துவது என் பழக்கம். முதலாவது, மரத்தில் ஊறிய எண்ணெயும் அழுக்கும். இரண்டாவது, எங்கள் செம்மண் தூசு. அது மூடிய பெட்டிக்குள்ளும் போகும். மூன்றாவது, மழைக்கு மூடிக்கொண்டிருந்த வானம். ஈரக் காற்றில் வார்ணிஷ் இலகுவில் காயாது. நான்காவதாக ஐயாவைச் சேர்த்திருக்கவேண்டும்.

சலவைச் சோடா கரைத்த சுடுநீரால் பழைய பூச்சைக் கழுவி எடுத்து, கட்டையை நிழலில் காயவிட்டேன். பிறகு ஈரத்துணியால் துடைத்தேன். மரத்தின் மயிர்கள் எழுந்து நிற்கும். அவற்றை மணற்கடதாசியால், மரத்தின் இழை போன திசையிலேயே, தேய்த்துப் படுக்கவைக்க வேண்டும். மறுபடி ஈரம், மறுபடி தேய்ப்பு. மயிர் எழாமல் விடும்வரை இதுதான் வேலை. அடுத்தது ஆளிவிதை எண்ணெய், ஒரு கை; மரத்தின் நிறம் உள்ளிருந்து எழும்பி வந்தது. அதன்மேல் சாராய ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குச் சீவலைப் பஞ்சுப் பொட்டலத்தால் பூசி, மரத்தின் துவாரங்களை அடைத்தேன். கடைசியில் குதிரை வண்டிகளுக்குப் பூசும் வார்ணிஷ். மெல்லியதாய் ஒரு பூச்சு, ஒரு காயவிடல், நுரைக்கல் தூளும் தண்ணீரும் விட்டு ஒரு தேய்ப்பு, மறுபடி ஒரு பூச்சு. தடிப்பாக ஒரேயடியாகப் பூசினால் மேல் காய்ந்து உள்ளே பசையாக நிற்கும். இதை ஐயாவுக்கு விளங்கப்படுத்தியபோது, “கச்சேரியிலும் அப்பிடித்தான்,” என்றார். அது அவர் தெரிந்து சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தூசு வராத இடம் வீட்டில் ஒன்றே ஒன்று: சாமி அறை. கடைசிப் பூச்சுப் பூசி, கட்டையை அங்கே கம்பியில் தொங்கவிட்டேன். மேற்பரப்பு காய்ந்ததுபோல் தெரியும், ஆனால் காயவில்லை, யாரும் தொடவேண்டாம் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

சரஸ்வதி பூசையும் அப்போதுதான் வந்தது. பூசை நாள் காலையில் நான் அம்மாவின் தங்கையோடு கீரிமலைக்கு நீராடப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது முற்றம் முழுக்கச் செருப்புகள்.

சாமி அறையில் எங்கள் வீட்டு ஆயுதங்கள் அடுக்கப்பட்டிருந்தன: தையல் மெசின், தேங்காய் திருவலை, சித்தப்பாவின் மண்வெட்டி, எண்ணெய் வடியும் என் அளவுக் குவளை. நடுவில், பட்டுத்துணியின்மேல், துவக்குக் கட்டை. துரை கன்னம் வைக்கும் இடத்தில் மூன்று விரலால் இழுத்த விபூதிக் குறி, அதன் நடுவில் சந்தனப் பொட்டு, சந்தனத்தின்மேல் குங்குமம். நீரில் குழைத்துப் பூசிய விபூதி. வார்ணிஷ் அதை விருந்தாளிபோல் உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

“ஒருத்தரும் தொடவேண்டாம் எண்டனான் எல்லோ?” என்றேன்.

“ஒருத்தரும் தொடேல்லைப் பிள்ளை,” என்றார் ஐயா. “பூசைதான் செய்தனாங்கள்.”

“ஆர் உந்தக் குறி போட்டது?”

ஐயா தன் விரல்களை வேட்டியில் துடைத்தார். சித்தப்பா குறுக்கே வந்தார். “ஆயுத பூசைக்கு இவ்வளவு காலமும் திருவலைதானே வைச்சனாங்கள்? இப்பதான் ஒரு ஆயுதம் வந்திருக்கு. அண்ணை, நாளைக்குக் கோயிலிலை அசுரனெண்டு வெட்டுற வாழையை இந்த முறை சுடுவமோ?”

“சும்மா இரடா.”

“உலக்கையாலை சுடேலாதுதான். ஆனால் ஒண்டு, இனி உது மச்சம் மாமிசம் தொடாது.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விரல் நுனியால் குறியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். விபூதி இறுகிவிட்டது. ஆட்கள் போனதும் ஐயாவிடம் சொன்னேன்: இனி மேற்பூச்சைச் சுரண்டி எடுத்து, மணற்கடதாசி போட்டு, முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

“துரை திங்கட்கிழமை வேட்டைக்குப் போறார். கெதியாச் சுரண்டு,” என்றார் ஐயா.

“என்ன, விபூதியைச் சுரண்டுறதோ?” அம்மா வாசலை மறித்து நின்றார். “பூசையிலை வைச்ச சாமானிலை மணற்கடதாசி போடுறதோ? இந்த வீட்டிலை அது நடவாது. சொல்லிப்போட்டன்.”

ஐயா துரைக்கும் சாமிக்கும் நடுவில் நின்று வியர்த்தார். இரண்டு பக்கமும் மேலதிகாரிகள். அழிக்க முடியாது, அப்படியே விட்டால் விபூதி சொரசொரவென்று துரையின் கன்னத்தைத் தேய்க்கும். வழவழப்பாக வரவேண்டும் என்பதுதான் எனக்கு ஒப்படைத்த வேலை. எனவே, குறியின்மேலும் சேர்த்து இன்னொரு மெல்லிய பூச்சுக் கொடுத்தேன். இந்த முறை சாமி அறைக்குப் பூட்டுப் போட்டு, திறப்பை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். காய்ந்து வந்தபோது தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் மூன்று வெள்ளைக் கோடுகளும் பொட்டும் தெளிவாகத் தெரிந்தன. நகத்தால் கீறினாலும் கோடு விழாது. நான் செய்ததில் அதுதான் மிகத் திறமான பூச்சு.

கட்டையைக் கொண்டுபோன காலையில் ஐயா படலை வரைக்கும் ஒத்திகை பார்த்தார்: “மகள் சின்னப் பிள்ளை, சேர். தெரியாமல் செய்துபோட்டாள், சேர்.” மாலை ரயிலில் திரும்பியவரின் நடை மாறியிருந்தது.

“தடவிப் பாத்தார். குனிஞ்சும் பாத்தார். முகம் தெரிஞ்சுது,” என்றார். “பிறகு, உது என்னெண்டு கேட்டார்.”

“நீங்கள் என்ன சொன்னியள்?”

“எங்கடை வழக்கம், வெற்றிக்குப் போடுற குறி எண்டன். ஆர் போட்டதெண்டார். மகள் எண்டன். ‘வண்டர்ஃபுல்’ எண்டார். பிறகு யோசிச்சுப் பாத்தன். பொய் சொல்லக்கூடாதெல்லோ? நான்தான் போட்டனான் எண்டு சொல்லிப்போட்டன்.”

“அப்ப நான் வேலைக்குப் போகலாமோ?”

“பொறு பிள்ளை. சுட்டுப் பாத்தால்தானே பிடிச்சுதோ எண்டு தெரியும்.”

துரை வன்னிக் காட்டுக்குப் போனார். ஒரு மான்கூட விழவில்லை. இதற்கு ஊரில் பல காரணங்கள் உலாவின. துவக்குத் தூக்கிப்போன ஆள் விபூதியைக் கண்டு செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தானாம், துவக்கை நிலத்தில் வைக்க மறுத்தானாம், மான் வந்த நேரத்தில் அதைக் கையில் கொடுக்காமல் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றானாம். இது கச்சேரிப் பியோன்கள் சொன்னது. துவக்கு மச்சம் தொடாது என்று தான் முதலே சொன்னதாகச் சித்தப்பா சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தார். கட்டை அதிகம் வழுக்கியது என்றாராம் துரை. அவர் முந்திய வேட்டைகளிலும் எதையும் சுட்டதில்லை என்பதை யாரும் ஒரு காரணமாகச் சொல்லவில்லை.

ஐயா நாற்காலியில் சரிந்து இருந்தார். “மான் விழேல்லை. எல்லாம் போச்சு. நீ வீட்டிலை இரு பிள்ளை.”

“ஐயா, துரைக்குப் பிடிச்சால் எண்டுதானே சொன்னனீங்கள்? மானுக்குப் பிடிச்சால் எண்டு சொல்லேல்லையே.”

அவர் அம்மாவைப் பார்த்தார்.

“சாமி அறை வாசலிலை சொன்னது,” என்றார் அம்மா. “எனக்குக் காது கேட்டது.”

“போய்த் துரையைக் கேளுங்கோ. பிடிச்சுதோ இல்லையோ எண்டு மட்டும்,” என்றேன்.

மேலதிகாரியிடம் ஐயா நேராகக் கேள்வி கேட்டது அதுவே முதல் தடவையாக இருக்கவேண்டும். கேட்டுவிட்டு வந்து, சட்டையைக் கழற்றாமலே விறாந்தையில் நின்று சொன்னார்: “பிடிச்சுதாம். அவ்வளவு பிடிச்சபடியால் இனிக் காட்டுக்குக் கொண்டுபோகமாட்டாராம். விருந்துச் சாலையிலை சுவரிலை மாட்டியிருக்கிறார். வாற துரைமார் எல்லாரும் அதைத்தான் பாக்கினம்.” பிறகு, என் சான்றிதழின் கண்ணாடியைத் தோளில் கிடந்த சால்வையால் துடைத்தபடி, “எப்ப ரயில்?” என்று கேட்டார்.

ரயில் நிலையத்துக்கு ஐயாவே வந்தார். என் பெட்டியைத் தூக்கி வைத்தார். ஆனால் அவர் கக்கத்தில் வேட்டியில் சுற்றிய இன்னொரு பொட்டலம் இருந்தது. ஒல்லியாக, நீளமாக, முனையில் வளைவோடு.

“என்ன ஐயா உது?”

“நீதவான் துரையின்ரை கைத்தடி. அதே மாதிரிக் குறியோடை வேணுமாம்.” குரலைத் தாழ்த்தினார். “பட்டத்துக்குச் சிபாரிசு செய்யிறவையிலை அவரும் ஒருத்தர். பிள்ளை, அந்த வார்ணிஷ் அலுவல் என்னெண்டு கெதியாச் சொல்லு.”

ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாகச் சொன்னேன்: கழுவுங்கோ, நிழலில் காயவிடுங்கோ, இழை போற பக்கம் தேயுங்கோ, மெல்லிசாப் பூசுங்கோ. அவர் ஒவ்வொன்றுக்கும் “ஓம், ஓம்” என்றார். வண்டி அசைந்தது. முக்கியமானது இன்னும் மீதம் இருந்தது. எட்டிக் கத்தினேன்: “காயும் வரைக்கும் தொடாதேங்கோ!”

ஐயா கைத்தடியை நெஞ்சோடு அணைத்தபடி மேடையில் கூடவே ஓடி வந்தார்.

“நான் தொடமாட்டன் பிள்ளை! பூசை மட்டும்தான்!”