குளித்தால் வரும் குதிரைகள்

அறைத் திறப்பைக் கொடுப்பதில் தொடங்கி மன்னிப்புக் கேட்பதில் முடிகிற வேலைக்குப் பெயர் அரசாங்க விடுதிப் பொறுப்பாளர். அதைப் பற்றிப் பேசுமுன், நாட்டு நலன் கருதி ஒரு பெரும் பிழையைத் திருத்தியாக வேண்டும். நெடுந்தீவில் காட்டுக் குதிரை கிடையாது. இருப்பவை அந்நியர் ஆட்சியில் லாயத்தில் கட்டி வளர்த்த குதிரைகளின் வாரிசுகள். ஆண்டவர்கள் கப்பலேறினார்கள், குதிரைகளை ஏற்றவில்லை. லாயத்தின் தூண்கள் இன்னமும் வெயிலில் நிற்கின்றன. ஆக, இந்தத் தீவில் அரசாங்கம் முதலில் விடுதி கட்டியது குதிரைகளுக்கு. அந்தக் குதிரைகள் திரியும் பூங்காவைப் பார்க்க வரும் மனிதருக்கென்று மூன்று கபானா, அதாவது தனிக் குடில், கட்ட எத்தனையோ தலைமுறை பிந்தியது.

அந்த மூன்றுக்கும் நான் பொறுப்பு. சமையல் மேரி அக்கா. அரசாங்க விடுதியில் ஒருமுறையாவது தங்கி, குளிக்க வாளி தேடி அலைந்த அன்பர்களே, உங்களுக்கு இனி விளக்கம் தேவையில்லை.

வாய்க்கால் தரிசனம்

சோளகக் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களில் தீவில் குடிதண்ணீர் அருமை. எங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர் உண்டு, ஆனால் குதிரை எட்டாதபடி சுற்றிக் கல்மதில். கபானாக்களில் குளிக்கும் தண்ணீர் மட்டும் வாய்க்காலால் ஓடிப் பின்பள்ளத்தில் தேங்கும். பின்னேரங்களில் குதிரைகள் அதைக் குடிக்க வரும். விளம்பரத்தில் இதற்கு 'இயற்கைச் சூழலில் குதிரைகள்' என்று பெயர். சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டாம் என்று அறைக்கு அறை எழுதி ஒட்டியிருந்தேன்.

கொழும்பிலிருந்து வந்த ஒரு வங்கி மனேச்சர் குதிரை எங்கே என்றார். இன்னும் குளிக்கவில்லையா என்று கேட்டேன். விளங்கப்படுத்திய பிறகு மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் வரிசையாகக் குளிக்க அனுப்பினார். ஆறு குதிரைகள் வந்தன. ஈரத் தலையோடு படம் எடுத்துக்கொண்டே சொன்னார்: "அண்ணை, றூம் எடுத்ததும் நாங்கள், குளிக்கிறதும் நாங்கள். பிறகு உங்களுக்கு இஞ்சை என்ன வேலை?"

மூக்கைப் பொத்தியவர்

ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். வாய்க்காலைக் கண்டதும் மூக்கைப் பொத்தினார். கழிவுத் தண்ணீர் திறந்த வெளியில் ஓடக்கூடாது. குழி வெட்டி, மேலே கொங்கிறீற்றால் மூட வேண்டும் என்றார். சட்டப்படி அவர் சொன்னது முழுக்கச் சரி, அதுதான் தொல்லை. நான் குதிரைகளைப் பற்றிச் சொன்னேன். அவற்றின் பூர்வீகத்தையும் சொன்னேன், சற்று விரிவாக. அவர் வள்ளத்துக்கு நேரம் பார்த்துக்கொண்டே எழும்பினார். "நீர் வரலாறு கதைக்கிறீர். நான் வடிகால் கதைக்கிறன்."

கட்டில் மட்டும்

குழி இரண்டு கிழமையில் முடிந்தது. குதிரைகளும் தெற்கு வெளிக்குப் போய்விட்டன.

அடுத்ததாக வந்தது கனடாவில் இருக்கும் பக்கத்துத் தீவு இறுப்பிட்டிக் குடும்பம். முன்பு வந்துபோன யாரோ சொல்லிக்கொடுத்திருந்ததால் மூன்று நாளும் விழுந்து விழுந்து குளித்தார்கள். அத்தனை தண்ணீரும் கொங்கிறீற்றுக்குக் கீழே போனது. போகும்போது மூத்த மகள் திறப்பை என் கையில் வைத்தாள். "அங்கிள், குதிரை இல்லாட்டி இஞ்சை கட்டில் மட்டும்தானே. கட்டில் எங்கடை வீட்டிலையும் கிடக்கு."

கடிதம்

அந்தச் சேதி பரவியது. ஆட்கள் வருவது நின்றது. மூன்று மாதத்துக்குள் கபானாக்கள் நிரம்பாவிட்டால் விடுதி மூடப்படும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எனக்கு யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் எழுதியிருந்தது. மேரி அக்கா நாட்கூலி. கடிதத்தில் அவர் பெயரே இல்லை. முழங்கால் போனதிலிருந்து அவரது புருஷனுக்குக் கடலுக்குப் போக ஏலாது. வீட்டில் அடுப்பு எரிவது எங்கள் குசினிக் கூலியால்தான். கடிதத்தை நான் மேரி அக்காவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். "தம்பி, உங்களுக்கு யாழ்ப்பாணம் இருக்கு," என்றார். "எனக்கு இந்த அகப்பைதான் இருக்கு."

தொட்டி

குசினிக்குப் பின்னால் ஒரு பழைய கல்தொட்டி கிடந்தது. லாயத்துத் தொட்டி என்பது என் முடிவு. அதைக் கழுவித் துடைத்து, 'வரலாற்றுச் சின்னம், தொடக்கூடாது' என்று பலகையும் நட்டிருந்தேன். மறுநாள் காலை பார்த்தால் பலகை விறகோடு கிடந்தது. மேரி அக்கா அரிசி கழுவின தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் பதறிப்போய்த் தடுத்தேன். அவர் சட்டியை இறக்கவே இல்லை. "குதிரை குடிக்கத்தானே தம்பி இதைச் செய்தவங்கள்? நான் என்ன, இதுக்குள்ளை மீனோ கழுவுறன்?"

வள்ளத்தை விட்ட அதிகாரி

நாலாம் நாள் ஒரு குதிரை குட்டியோடு வந்தது. மாத முடிவில் பதினொன்று. ஆட்களும் வந்தார்கள்; கபானாவைப் பூட்டிவிட்டுக் குசினிப் பின்பக்கம் கதிரை போட்டு இருந்தார்கள். மூன்று மாதம் முடிய, மூடுவதற்கு நாள் குறிக்க வந்த அதே அதிகாரியும் ஒரு கதிரையில் இருந்தார், கடைசி வள்ளம் அவரை விட்டுப் போகும்வரை இருந்தார். பிறகு தொட்டியைக் காட்டி, "இது வடிகால் இல்லைத்தானே?" என்று கேட்டார்.

"இல்லை சேர்," என்றார் மேரி அக்கா. "உங்கடை இராச் சாப்பாட்டு அரிசித் தண்ணி."

விடுதி மூடப்படவில்லை, தொட்டி நிரம்பவேண்டும் என்பதற்காக ஒரே அரிசி இப்போது நாளுக்கு நாலு தரம் கழுவப்படுகிறது, விருந்தினர் புத்தகத்தில் குதிரைகளுக்குப் பாராட்டும் சோறு களியாகக் குழைந்திருப்பதாக முறைப்பாடும் ஒரே பக்கத்தில் பதிவாகின்றன.