தள்ளி நிற்கச் சொன்னேன்

அப்போது குடவாசலில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். குத்தகைதாரர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்து ஊரெல்லாம் தகராறாக இருந்தது. ஒரு மிராசுதார், தன் வயலில் தானே அறுவடை செய்வதுபோல் படம் எடுக்கக் கூப்பிட்டார். அங்கே அறுத்துக்கொண்டிருந்த குத்தகைதாரரை வைத்து முதலில் வெளிச்சம் சரிபார்க்க ஒரு படம் எடுத்தேன். பிறகு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன். தன் அரிவாளையே மிராசுதார் கையில் கொடுத்துவிட்டு அவர் வரப்பேறினார்.

மறுவாரம் அந்தக் குத்தகைதாரர் கடைக்கு வந்தார்.

"சொந்த சாகுபடின்னு அந்தப் படத்தைக் காட்டுறாங்க தம்பி. நாளைக்கு தாலுகா ஆபீஸ்ல விசாரணை. நான் ஒரு ஓரமாவாவது விழுந்திருக்கேனான்னு பாருங்க."

மிராசுதார் வீட்டுக் கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் வேலை எனக்கு வரவிருந்தது. டப்பாவைத் திறந்து தேடுவதுபோல் பாவனை செய்தேன். விரலில் அந்த முதல் படத்தின் நெகட்டிவ் தட்டியது.

"இல்லீங்க" என்றேன்.

"உங்களுக்கும் சிரமம் கொடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நிலமும் போயிற்று.

கடையை மூடிப் பல வருடங்களாகியும் அந்த நெகட்டிவைத் தூக்கிப்போட முடியவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் வானம் கறுப்பாகவும் அவர் வெள்ளையாகவும் தெரிகிறார். வயலுக்கு நடுவில்தான் நிற்கிறார்.