கேட்டால் சொல்லும் ஊர்

யுத்தத்தில் ரங்கூனை விட்டு ஓடிவந்தவர்கள் ஆளுக்கொரு பெரிய பட்டணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கூலி அங்கேதான் கிடைக்கும் என்றார்கள், அதில் தப்பில்லை. காவேரிக்கும் பெங்களூர் மில்லில் ஓர் அண்ணன் இருந்தான். வந்துவிடு என்று ஆள்மேல் ஆள் அனுப்பினான். அவள் அசையவில்லை. கிருஷ்ணகிரியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டு உட்கார்ந்துவிட்டாள். பைத்தியக்காரி என்றான் அண்ணன்.

பைத்தியமெல்லாம் இல்லை. பர்மாவிலிருந்து நடந்து வந்தபோது அஸ்ஸாம் எல்லையில் பெண்களை மட்டும் லாரியில் ஏற்றினார்கள். அவள் புருஷன் நாராயணப்பன் கீழே நின்றுவிட்டான். “நீ நம்மூர்ப் பக்கம் போயிரு, நான் எப்பிடியும் வந்து விசாரிச்சுக்கறேன்” என்று லாரிக்குப் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடிவந்தான். ஊர் என்றால் குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு குக்கிராமம். அங்கே கொழுந்தன் வீட்டில் அவள் போய் இறங்கிச் சில மாதங்கள்கூட ஆகவில்லை, தாலியைக் கழற்று என்றார்கள். செத்தவனுக்குச் சடங்கு செய்யாமல் விட்டால் குடும்பத்துக்கு ஆகாதாம்.

“அவரு செத்ததை எவன் பாத்தான்?” என்று கேட்டுவிட்டு வெளியே வந்தவள்தான். கிருஷ்ணகிரியில் இருப்பேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

பெங்களூரில் யார் யாரை விசாரிப்பது? அங்கே பக்கத்து வீட்டுக்காரன் பேரே தெரியாது. கிருஷ்ணகிரி அப்படியில்லை. மெட்ராஸ் பஸ், பெங்களூர் பஸ், சேலம் பஸ் எல்லாம் இங்கே நின்றுதான் போகும். இறங்குகிறவன் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள், யார் எந்தத் தெரு, நேற்று என்ன சண்டை, இன்று என்ன குழம்பு என்பது வரை காதில் போட்டுவிடுவார்கள். அந்த வாயை நம்பித்தான் அவள் அந்த ஊரில் குடியேறினாள்.

முதல் வருஷங்களில் எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். கண்டக்டர்கள், டிரைவர்கள், வெற்றிலைக்கடைக்காரன், ஒருவரையும் விடவில்லை. ஊர் முதலில் உச்சுக்கொட்டியது. அப்புறம் கேலி செய்தது. “என்ன ரங்கூனம்மா, இன்னிக்கி வந்துட்டாரா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டு இட்லி தின்றார்கள். கண்டக்டர்கள் மாறினார்கள், கடைகள் கைமாறின. புதிதாக வந்தவர்களிடம் மறுபடி முதலிலிருந்து சொல்ல அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. சொல்வதை விட்டாள், எதிர்பார்ப்பதை விடவில்லை.

அவள் குடியிருந்தது கோவிந்தப்பன் வீட்டுப் பின்கட்டில். மாங்காய் மண்டியில் மாட்டுவண்டி ஓட்டுகிறவன், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். அவன் மகள் பூவம்மாளுக்குக் காவேரிதான் தலை பின்னிவிடுவாள், சோறு போடுவாள். அதற்குமேல் அங்கே ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றுமில்லை என்றால் ஊருக்குப் பொழுது போகுமா? மேளம் இல்லாமல், பந்தல் இல்லாமல் இரண்டு பேருக்கும் முடிச்சுப் போட்டுவிட்டது.

காதில் விழுந்த அன்று காவேரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சண்டைக்குப் போகத்தான் நினைத்தாள். ஆனால் அந்தப் பேச்சு கிளம்பியதிலிருந்து லாரிக்காரர்கள் கடையில் கண்டபடி பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். கோவிந்தப்பன் வீட்டு அம்மா என்று கொஞ்சம் தள்ளி நின்றார்கள். இருட்டோடு எழுந்து அடுப்புப் பற்றவைக்கிற தனிக்கட்டைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆம்பிளைகளுக்குச் சொல்லிப் புரியாது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஐம்பத்து நாலில், மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த சமயம். வீட்டில் மாவரைத்துவிட்டுச் சாயங்காலம் கடைக்கு வந்தாள். எதிரே டீக்கடை வைத்திருந்த திம்மப்பன் ஓடிவந்தான். அவன் ஆனேக்கல் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டு இரண்டு வருஷம்தான் ஆகிறது.

“அக்கா, மத்தியானம் உன்னைத் தேடிக்கினு ஒருத்தர் வந்தாரு. உங்க கொழுந்தன் சொல்லி அனுப்பினாராம். காவேரின்னு இங்க யாராவது இருக்காங்களான்னாரு. நம்ம இட்லிக்கடை அக்காதான்னேன்.”

“யாருன்னு கேட்டியா?”

“பேரு கேக்கல. வயசாளி. இடது கையில கட்டைவிரல் இல்ல.”

அந்த விரலை ரங்கூன் மர மில்லில் ரம்பம் தின்றபோது ரத்தத்தைத் தன் முந்தானையில் பிடித்தவள் காவேரி. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கே அவரு?”

“போயிட்டாருக்கா. எப்பிடி இருக்குதுன்னு கேட்டாரு. ஊர்ப் பெரியவரு, கவலையா கேக்கறாரேன்னு நான் நல்லபடியாத்தான் சொன்னேன். ஒரு குறையும் இல்லீங்க, கோவிந்தப்பன் வூட்ல இருக்குது, அவரு நல்லா வெச்சிருக்காரு, ஒரு பொண்ணு இருக்குதுன்னேன். சந்தோஷம்னாரு. டீ போட்டுக் குடுத்தேன், குடிக்கல.”

காவேரி தெருவுக்கு ஓடினாள். புழுதியும் மாங்காய் வண்டிகளும் தவிர அங்கே ஒன்றுமில்லை. திரும்பி வந்து திம்மப்பனின் சட்டையைப் பிடித்தாள்.

“எந்த பஸ்ஸுல ஏறினாரு? மெட்ராஸா? சேலமா? சொல்லுடா!”

“கவனிக்கலயேக்கா. யாவாரம் நேரம்.”

வெற்றிலைக்கடையில் கேட்டாள். சோடாக் கடையில் கேட்டாள், மண்டி வாசலில் கேட்டாள். அவள் புடவை மாற்றினால்கூடத் தெரிந்துவைத்திருந்த ஊரில், அந்த மனுஷன் எந்தப் பக்கம் போனான் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. அவனுக்கு இனி இங்கே வர ஒரு காரணமும் இல்லை, தம்பி வீட்டுக்குத் திரும்பிப் போய் ஊர் முகத்தில் முழிக்கவும் மாட்டான். அது அவளுக்குப் புரிந்தபோது தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். கூட்டம் கூடிவிட்டது.

திம்மப்பன் பதறிப்போய்ப் பக்கத்தில் குந்தினான். “நான் என்னக்கா தப்பு பண்ணேன்? யாரு அவரு?”

“என் வூட்டுக்காரரு.”

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. திம்மப்பன் விளங்காமல் விழித்தான்.

“அப்போ கோவிந்தப்பன் உனக்கு யாருக்கா?” என்று கேட்டான்.