மூன்றாவது பிடி

நம்பாதவர்கள் நம்பாமல் போங்கள், எனக்கொரு நட்டமும் இல்லை. 1985 ஆடி மாதம், பட்டப்பகலில், என் இரண்டு கண்ணாலும் கண்டதைச் சொல்கிறேன்.

ஊர்காவற்றுறையில் உரித்தாளர் வராத பிரேதங்களை அடக்குவது அப்போது என் வேலை. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து அல்போன்சம்மா செத்துப்போனாள். ஒரே மகள் மாக்கிறேற், அனலைதீவில் சைவக்காரனைக் கட்டியவள். அறிவிக்க நானே வள்ளமேறிப் போனேன்.

“நான் செத்தாலும் என்ரை முகத்திலை முழியாதை எண்டு அம்மாதான் சொன்னவ. நான் வரேல்லை.”

கதவைச் சாத்திவிட்டாள். பெற்றவளுக்கு மூன்று பிடி மண் போட மனமில்லையா? சீ!

அடுத்த நாள் சேமக்காலையில் சுவாமியார் செபம் சொல்லிவிட்டுப் போனார். பெட்டியைக் குழிக்குள் இறக்கினோம், நானும் கூடவேலை செய்யும் கதிர்காமுவும். மணி நான்கு.

“பிலிப்பு அண்ணை, நாலரைக்கு அனலைதீவு வள்ளம் வரும். மகள் மனம் மாறி வந்தாலும் வருவா. கொஞ்சம் பொறுப்பம்.”

“வராதவளுக்கு என்ன காத்திருப்பு? மண்வெட்டியை எடும்.”

இனசனம் இல்லையென்றால் அந்த மூன்று பிடியையும் நான்தான் போடுவேன். மண் அள்ளக் குனிந்தேன்...

தொப்.

எனக்கு முன்னமே ஒரு பிடி பெட்டியில் விழுந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து. அங்கே ஒருவருமில்லை.

எங்கள் சேமக்காலையில் காய்ந்த வெள்ளை மணல். விழுந்ததோ கறுத்த சேறு... ஈரம்... நடுவில் கடற்பாசி.

தொப்.

இரண்டாவது. அப்போது மணி நாலு ஐந்து.

“அண்ணை... மூடுவம்...”

விசர் பிடித்தவன்போல மணலை வாரித் தள்ளினேன். எதிர்ப்பக்கம் ஒரு பெண் விம்முவது கேட்டது. நான் நிமிரவில்லை.

நிறுத்தவுமில்லை.

விடியக் காலமை துறையடியில் ஒரு பிரேதம் ஒதுங்கியது. மாக்கிறேற். நாலரை வள்ளத்துக்குப் பொறுக்காமல் சின்னத் தோணி பிடித்து வெளிக்கிட்டிருக்கிறாள். சோளகக் காற்றில் தோணி கவிழ்ந்தது மூன்றே முக்காலுக்கு. தோணிக்காரன் நீந்தித் தப்பியிருந்தான்.

“கெதியா விடுங்கோ, மூடிப்போடுவினம் எண்டு வழி நெடுக அழுதுகொண்டு வந்தவ,” என்றான்.

அவளுடைய வலக்கை இறுகப் பொத்திக் கிடந்தது. ஒவ்வொரு விரலாக விரித்தேன். உள்ளே ஒரு பிடி கறுத்த சேறு, பாசியோடு.

மூன்றாவது பிடி. அதைப் போட நான்தான் அவளை விடவில்லை.